ஆள் மாறினால் இசை மாண்டுபோகுமா?



ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று நம் புதுவையில் இசை விழா கொண்டாடப்படுகிறது. பிரான்சு நாட்டில் 1982-இல் தோன்றிய விழா இது. கிட்டாரும் டிரம்ஸும் கொண்ட ராக் குழுக்களும் இத்தகைய விழாக்களில் இசைப்பதுண்டு. "போன வருஷம் பாடினவர் இல்லையே! இனி இந்தக் குழு அவ்வளவுதான்" என்று கூட்டத்தில் யாரேனும் சொல்வதும் உண்டு. ஆள் மாறினால் குழு அழிந்துவிடுமா? அழியாது என்பதே என் கருத்து.

இதற்குச் சான்று டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழு. கிட்டார் வாசித்த சுஷ்மித் சென்னும், தபேலா வாசித்துப் பாடிய அஷீம் சக்ரவர்த்தியும் 1990-இல் இதைத் தொடங்கினர். மறு ஆண்டு ராகுல் ராம் பேஸ் கிட்டாருடன் வந்தார். 1994-இல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலாம் சேர்ந்தார். மேற்கத்திய ராக் இசையை அப்படியே நகல் எடுக்காமல், நம் நாட்டு ராகங்களையும் நாட்டுப்பாடல்களையும் அதனோடு கலந்தனர். 2000-இல் வெளிவந்த 'கந்தீசா' இசைத்தொகுப்பு அவர்களை நாடறியச் செய்தது. அப்பெயருக்குரிய பாடல் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய செபம். ஆண்டவர் பேசிய அரமேய மொழியின் வழிவந்தது அதன் மொழி. ஆலயத்தில் ஒலித்த செபம் ராக் மேடையிலும் ஒலித்தது என்றால் வியப்பன்றோ!

புகழ் வளர்ந்த காலத்தில் இழப்பும் வந்தது. 2009 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளன்று அஷீம் காலமானார். அப்போதே குழுவைக் கலைத்திருந்தாலும் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர்களோ, அவர் குரல் பதிவாகியிருந்த '16/330 கஜூர் ரோடு' பாடல்களை 2010-இல் மாதம் ஒன்றாக இலவசமாக வெளியிட்டனர். அவர்கள் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரிதான் அத்தலைப்பு. பாட ஹிமான்ஷு ஜோஷியும், தபேலா வாசிக்கத் துஹீன் சக்ரவர்த்தியும் வந்தனர். ஒருவர் இடத்திற்கு இருவர் தேவைப்பட்டனர்! 2013-இல் சுஷ்மித் சென்னும் விலக, நிகில் ராவ் கிட்டாரை ஏற்றார். தொடங்கிய இருவரும் இல்லாமலே 2014-இல் 'தண்டனு', 2023-இல் 'தூ ஹை' என்னும் தொகுப்புகள் வெளிவந்தன.

"பழைய குரல் போல வருமா?" என்று கேட்பீர்கள். வராதுதான். ஆனால் வேறாக இருப்பது வேறு, இறந்துபோவது வேறு. அவர்களுடைய பாடல்கள் எல்லோரும் கூடி அமர்ந்து வாசித்து வாசித்தே உருவானவை. தேர் வடத்தில் ஒரு கை தளர்ந்தால் அடுத்த கை பிடித்துக்கொள்ளும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஆயினும் எல்லாப் பிரிவும் ஒன்றல்ல. காஷ்மீரின் ஸ்ரீநகரில் பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர் 'பிரகாஷ்' என்னும் ராக் குழுவை 2012-இல் அமைத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஒரு போட்டி மேடையில் வாசித்துப் பாராட்டும் பெற்றனர். பெண்கள் மேடையேறி ராக் இசைப்பதா என்று இணையத்தில் வசையும் மிரட்டலும் குவிந்தன. மதத் தலைவர் ஒருவரும் கண்டித்தார். 2013 பிப்ரவரியில் குழு கலைந்தது. நம் வயதுப் பெண்கள்! சாவு பிரித்ததை டெல்லிக் குழு தாங்கியது. ஒருவர் தம் விருப்பத்தால் விலகியதையும் தாங்கியது. அச்சத்தால் விலகும் பிரிவை மட்டும் எந்தக் குழு தாங்கும்?

மிரட்டல் இல்லாத வீடுகளிலும் இது மெல்ல நடக்கிறது. "பரீட்சை வருகிறது, கிட்டாரை மேலே எடுத்து வை" என்பார்கள். பரீட்சை முடிந்தபின் அதை இறக்கித் தருவோர் எத்தனை பேர்? அண்ணனின் கிட்டார் பரணுக்குப் போவதில்லையே! நிறுத்துவதா, தொடர்வதா என்பதை வாசிக்கும் பெண்ணே முடிவு செய்யட்டும். பெற்றோரை நான் வேண்டுவது இதுவே.

நம் பாடகர் குழுவும் ஒவ்வோர் ஆண்டும் ஆள் மாறும் குழுதான். மேல்வகுப்பு அக்காமார்கள் விடைபெறும்போது பாட்டையும் உடன் கொண்டு போகலாமா? ஜூன் மாதத்திலேயே ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியைத் தம் அருகில் அமர்த்தி, ஆர்மோனியக் கட்டைகளை அவள் விரல்களுக்குப் பழக்கிவிட வேண்டும். தனி மரம் தோப்பாகாது. நாம் போனபின்னும் பாட்டு நிற்க வேண்டுமானால், நாம் இருக்கும்போதே அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி