விரட்டப்பட்டார்கள் என்று எழுதட்டும்

பல இனத்து இளம் செய்தியாளர்களை ஒன்றாக வைத்துச் சமாதானப் பயிற்சி கொடுத்தால் உண்மையை மழுப்பத்தான் பழகுவார்கள் என்கிறார் நண்பர். நான் கண்டது நேர்மாறு.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கிய முஸ்லிம்களை நம் தமிழ் ஏடுகள் பல இன்றும் 'இடம்பெயர்ந்தோர்' என்றே எழுதுகின்றன. விடுதலைப் புலிகள் அவர்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் தவணை. பயிற்சிக்கு வந்து, புத்தளத்துக் குடியிருப்பொன்றின் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்ட தமிழ்ப் பிள்ளைக்கு மறுபடி 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதக் கை வராது. மழுப்புவது யார்?

2019 மே 12, சிலாபம். முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் இட்ட ஒற்றை வரி: அதிகம் சிரிக்காதீர்கள், ஒரு நாள் அழுவீர்கள். அது மிரட்டலாக வாசிக்கப்பட்டது. பள்ளிவாசல்மீதும் கடைகள்மீதும் கல் விழுந்தது. மறுநாள் அதே புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வரியின் பொருளை உடனே கேட்டறிய, சிங்களச் செய்தியாளரின் தொலைபேசியில் ஒரு முஸ்லிம் செய்தியாளரின் எண் இருக்க வேண்டும். பயிற்சி தருவது அதைத்தான்.

கொழும்பு ஹோட்டலில் மூன்று நாள் பட்டறை வேண்டாம் என்று எழுதுங்கள், நண்பரே, நானும் கையெழுத்திடுகிறேன். கற்பிட்டியில் நடத்தச் சொல்லுங்கள்.