கயாவில் எதை விட்டீர்கள்?

காசி யாத்திரை போய் வந்தவரிடம் ஊரார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கயாவில் எதை விட்டீர்கள்?"

ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை. இவற்றை இனித் தொடுவதில்லை என்று கயாவில் உறுதி எடுப்பது பழைய வழக்கம். பிடித்த பொருளை விட வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆனால் நடப்பது என்ன? "பாகற்காயை விட்டேன்" என்கிறார் ஒருவர். அவர் பாகற்காயை என்றைக்கு விரும்பிச் சாப்பிட்டார்!

உண்மையாகவே விட்டவர் ஒருவரின் இடம், கயாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதுதான் புத்தகயா. பல குடும்பங்கள் அங்கே போகாமலே ரயில் ஏறிவிடுகின்றன. இது பெரிய நஷ்டம்.

ஒரே ஆறு

காலையில் பல்குனி ஆற்றங்கரையில் விஷ்ணுபாதக் கோயில். இப்போதுள்ள கோயிலை 1787இல் கட்டுவித்தவர் அகல்யாபாய் என்ற ராணி. அங்கே முன்னோருக்குப் பிண்டம் இடுகிறார்கள். அட்சயவடம் என்ற ஆலமரத்தடியிலும் பிண்டம் இடுவார்கள். மதியத்துக்குமேல் கையில் பொழுது இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் புத்தகயா.

அங்கே ஓடுவது நிரஞ்சனா ஆறு. அதுவே மோகனா ஆற்றோடு சேர்ந்து, பல்குனி என்ற பெயரோடு கயாவுக்கு வருகிறது. புத்தர் தவம் செய்த கரையைத் தொட்ட தண்ணீர்தான் விஷ்ணுபாதத்தையும் தொடுகிறது!

"திதி கொடுத்த நாளில் புத்தர் கோயிலுக்குப் போகலாமா?" என்று பெரியவர்கள் தயங்கலாம். தயக்கம் வேண்டாம். புத்தகயாவிலும் பிண்டம் இடும் வழக்கம் இந்துக்களிடம் உண்டு. புத்தரைத் திருமாலின் அவதாரமாகச் சொல்லும் புராணங்களும் உண்டு.

அரச மரத்தடியில்

மகாபோதிக் கோயில் சுமார் 50 மீட்டர் உயரம். 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அதை அறிவித்தது. கோயிலின் பின்புறம் அரச மரம். பழைய போதி மரத்தின் வழிவந்தது என்று போற்றப்படும் மரம் இது. பல நாட்டு பௌத்தர்கள் அதனடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

குடும்பத்தோடு அங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். குழந்தைகளுக்குக் கதை சொல்லுங்கள். அரண்மனை, மனைவி, மகன் எல்லாவற்றையும் விட்டு வந்தான் சித்தார்த்தன். உடம்பை வாட்டித் தவம் செய்தான். சுஜாதை என்ற பெண் பால்சோறு கொடுத்தாள். அதை உண்டு, இந்த இடத்தில் அமர்ந்து ஞானம் பெற்றான்.

கதை முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்கும்: "அப்பா, அவர் அரண்மனையை விட்டார். நீங்கள் எதை விட்டீர்கள்?"

பாகற்காய் என்று சொல்ல அப்பாவுக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் நல்லது!

வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு எல்லோரும் துறவியாக முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் காயோடு சேர்த்து இன்னொன்றையும் விடலாம். சிகரெட்டாக இருக்கலாம். சீட்டாட்டமாக இருக்கலாம். சொத்துத் தகராறில் தம்பியோடு பேசாமலிருக்கும் கோபமாக இருக்கலாம்.

அண்ணனும் தம்பியும் பேசாத வீட்டில், அப்பாவுக்கு இட்ட பிண்டம் மட்டும் அவர் மனத்தைக் குளிர வைக்குமா? அந்தக் கோபத்தை விட்டு ஊர் திரும்புங்கள். பெற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய திதி எது?