விழித்திருந்தால் மட்டும் போதுமா?

தேர்வு நெருங்கிவிட்டால் இரவு முழுவதும் கண் விழித்துப் படிப்பதே நல்ல மாணவிக்கு அழகு என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. “தூங்கினவன் கன்று கடாக்கன்று” என்று பெரியோர் எச்சரிக்கின்றனர். மாட்டைக் காப்பவனுக்கு அது பொருந்தும். பாடம் படிப்பவருக்கும் பொருந்துமா?

1924-ஆம் ஆண்டு ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர், மனித மூளையில் எழும் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். டார்ச் விளக்கின் ஒரு செல் தரும் மின்னழுத்தத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே அவற்றுக்கு உண்டு. ஆயினும் அவை கூறும் செய்தி பெரிது. கண் மூடி அமைதியாக இருக்கையில் நொடிக்கு 8 முதல் 13 வரை எழும் ஆல்ஃபா அலைகள், கண் திறந்து ஒன்றை உற்று நோக்கியதும் அடங்குகின்றன. விரைவான பீட்டா அலைகள் மேலோங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்திலோ நொடிக்கு நான்குக்கும் குறைவான டெல்டா அலைகள் பெரிதாக எழுகின்றன.

அவ்வேளையில் மூளை சும்மா இருப்பதில்லை. பகலில் கற்றவற்றை மீண்டும் எடுத்து, நெடுநாள் நிலைக்குமாறு நினைவில் ஊன்றுகிறது. ஆகவே உறக்கத்தைப் பறித்தால் இரட்டை நட்டம். கற்றது நன்கு பதிவதில்லை. மறுநாள் தேர்வுக்கூடத்தில் கண் திறந்திருந்தும் உறக்கத்திற்குரிய மந்த அலைகள் இடையிடையே புகுந்துவிடுகின்றன. வினாத்தாளைப் பார்க்கிறோம், வினா மனத்தில் ஏறுவதில்லை!

இது சோம்பலுக்குக் கூறும் சாக்கன்று. இரவில் மூளை ஊன்ற வேண்டுமாயின் பகலில் நாம் விதைத்திருக்க வேண்டும். அன்றாடப் பாடத்தை அன்றன்றே படிப்பது நம் கடமை.

ஆயின் அன்புப் பெற்றோரே, தங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுக்களை வேலை முடிந்து, தம்பி தங்கையர் உறங்கிய பின்னரே நூலைக் கையில் எடுக்கும் தோழியர் எங்களுள் பலர். அவர்கள் விழித்திருப்பது விருப்பத்தால் அன்று. வேறு நேரம் இல்லாமையால். எங்கள் வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கூற்று. வீட்டு வேலையை ஆண்பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளித்தால் மாலைப் பொழுது எங்களுக்குக் கிடைக்குமன்றோ?

ஓய்வும் இறைவன் தந்த கொடையே. தோழியரே, மாலையில் கருத்தூன்றிப் படிப்போம். இரவுச் செபம் முடிந்ததும் அச்சமின்றி விளக்கை அணைப்போம்!