கணுக்கணுவாய்த் தேயும் சங்கிலி



பழைய மோட்டார் வண்டியைப் பேணிவரும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. தந்தை வாங்கி ஓட்டிய அம்பாசடர் காரை விற்க மனம் வராமல் வைத்திருக்கும் பிள்ளைகள் உளர். திருமண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் அதையே வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களும் உளர். அம்பாசடர் கார், 1950களின் இறுதி முதல் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பட்டு, 2014இல் நிறுத்தப்பட்டது. எனவே இன்று ஓடும் ஒவ்வொன்றும் அதை வைத்திருப்பவரின் கவனத்தினாலேயே ஓடுகிறது. அவர்களுக்குப் பயன்படும் வண்ணம், எஞ்சினின் முன்புறத்தில் மூடிக்குள் மறைந்து கிடக்கும் டைமிங் செயினைப் பற்றி இம்மாதம் எழுத முற்படுகிறோம். நெடுங்காலம் இக்காரில் இருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எஞ்சினின் அடியில் கிராங்க் ஷாப்ட் சுழல்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட் வேறொரு தண்டு. கிராங்க் ஷாப்ட் இருமுறை சுற்றும்போது கேம் ஷாப்ட் ஒருமுறை சுற்ற வேண்டும். ஆகையால் கேம் ஷாப்டின் பற்சக்கரத்தில் இரு மடங்கு பற்கள் உண்டு. இவ்விரண்டையும் இணைப்பதே இச்சங்கிலி. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அதன் காலம் தவறாமல் காப்பது இச்சங்கிலியின் பணி. இவ்வகை உருளைச் சங்கிலிக்கு 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பார் காப்புரிமை பெற்றார். நூற்றாண்டு கடந்தும் அதன் அமைப்பு பெரிதும் மாறவில்லை.

செயின் நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் உள்ள ஊசியும் அதைச் சுற்றியுள்ள குழலும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. கணக்குக்காக ஐம்பது கணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணுவில் தேய்வு 0.05 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. ஐம்பதும் சேர்ந்தால் 2.5 மில்லிமீட்டர்! இதற்கு எந்தக் கணுவைக் குற்றம் சொல்வது? எதையும் தனியே சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் சிறிது உண்டு. உரிய காலத்தில் மாற்றாத அழுக்கு எண்ணெய் இத்தேய்வை விரைவுபடுத்துகிறது.

சங்கிலி தளர்ந்தால் கேம் ஷாப்ட் பின்தங்குகிறது. வால்வுகள் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடுகின்றன. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது முன்புறத்தில் கடகடவென்னும் ஓசை கேட்கும். மேட்டில் இழுவை குறையும். பெட்ரோல் கூடுதலாகச் செல்லும். இதை உறுதி செய்ய ஓர் எளிய வழி உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, கிராங்க் ஷாப்டைக் கையால் சற்று முன்னே சுற்றிப் பின்பு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கீழே தண்டு கணிசமாகத் திரும்பிய பின்னரே மேலே ரோட்டார் அசையத் தொடங்குமானால், இடையிலுள்ள சங்கிலி தளர்ந்திருக்க வேண்டும் என்று ஐயுறலாம்.

இங்கேதான் ஒரு சோதனை நம்மை எதிர்கொள்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் கேம் ஷாப்டே ஆதலால், சங்கிலி தளரும்போது தீப்பொறியும் தாமதமாகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பி வைத்தால் தீப்பொறியின் காலம் நேராகிவிடும். ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை, வண்டியும் சற்றே சுறுசுறுப்பாகும். ஆனால் வால்வுகளின் தாமதம் அப்படியே இருக்கும். நோய் குணமாகவில்லை, அதன் ஒரு குறி மட்டும் மறைந்தது. ஆறு மாதம் கழித்து மீண்டும் திருப்பி வைக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி மூடியின் உட்புறத்தை அராவும். முற்றிய நிலையில் பல் தாண்டும். அன்று வண்டி நடுவழியில் நிற்கும். வாடகைக்குச் சென்ற வண்டியாயின், மணமக்களும் அதனுள்ளே காத்திருப்பார்கள்.

ஆகவே சங்கிலியை மாற்றுவதே முறை. மாற்றும் ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுவோம். எஞ்சின் நன்றாக ஆறிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டர் நீரை வடித்து, ரேடியேட்டரையும் பேன் பெல்ட்டையும் எடுத்துவிட வேண்டும். கிராங்க் புல்லியின் நடுவேயுள்ள பெரிய நட்டு, கைப்பிடி போட்டு வண்டியைக் கிளப்புவதற்கான பல் அமைந்தது. அதைப் பூட்டியிருக்கும் வாஷரின் மடிப்பை முதலில் தட்டி நிமிர்த்திய பின்னரே நட்டைக் கழற்ற வேண்டும். புல்லியைச் சுத்தியால் அடிக்காமல் இழுவைக் கருவி கொண்டு எடுப்பது நல்லது. பின்பு டைமிங் மூடியைத் திறக்கலாம்.

இரு பற்சக்கரங்களிலும் சிறு புள்ளிகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும் வரையில் கிராங்க் ஷாப்டைச் சுற்றிய பிறகே சக்கரங்களைக் கழற்ற வேண்டும். புதிய சங்கிலியை இரு சக்கரங்களிலும் புள்ளிகள் எதிரெதிரே அமையும்படி மாட்டி, மூன்றையும் சேர்த்தே தண்டுகளில் ஏற்ற வேண்டும். சக்கரங்கள் இரண்டும் ஒரே தளத்தில் உள்ளனவா என்று நேரான இரும்புத் தகட்டை வைத்துப் பார்ப்பது அவசியம். வேறுபாடு இருந்தால் கிராங்க் சக்கரத்தின் பின்னே மெல்லிய வளையங்களை இட்டுச் சரி செய்யலாம். டென்ஷனர் உள்ள எஞ்சினாயின் அதையும் புதிதாக்குவது நன்று.

மூடியின் ஆயில் சீலையும் பேக்கிங்கையும் புதிதாக இட வேண்டும். மூடியின் திருகுகளைத் தளர்வாக வைத்துப் புல்லியை உள்ளே செலுத்தினால் சீல் தானே நடுவில் அமையும். அதன் பின்னரே திருகுகளை இறுக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் ஒழுகும். யாவும் முடிந்ததும் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கையால் கிராங்க் ஷாப்டை இருமுறை முழுமையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் தட்டினால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும், வலிந்து சுற்றலாகாது. இறுதியாக, முன்பு திருப்பி வைத்த டிஸ்ட்ரிபியூட்டரை மறவாமல் உரிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய தளர்ச்சியை ஈடுகட்ட வைத்த திருப்பம் அப்படியே இருந்தால், புதிய சங்கிலியோடு தீப்பொறி முந்திக்கொண்டு எஞ்சின் தட்டும்.

இவ்வளவும் ஒரு நாள் வேலை. சங்கிலியை மட்டும் மாற்றினால் போதாதா, சக்கரங்களுக்கும் ஏன் செலவு என்று கேட்போர் உண்டு. தேய்ந்த பற்களின் மேல் புதிய சங்கிலி பதியாது. பழைய பல்லின் வளைவு புதிய சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும். இதை விளக்கிச் சொல்லும் தொழிலாளியைப் பணம் பறிப்பவன் என்று நாம் எண்ணலாகாது. “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்று நம் மனம் விரும்பும் சொல்லைச் சொல்பவனைவிட அவனே நமக்கு நண்பன். அதே வேளையில், தேயாததைத் தேய்ந்தது என்று கூறாத கடமை அவனுக்கும் உண்டு. கழற்றிய பழைய உறுப்புகளை வண்டிக்காரரின் கையில் கொடுத்துவிடும் வழக்கம் இருதரப்பிலும் நம்பிக்கையை வளர்க்கும்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். கழற்றுவதற்கு இரண்டு மணி, துடைப்பதற்கு ஒரு மணி, அளந்து பார்ப்பதற்கு அரை மணி என்று அவன் செலவிடும் நேரம், மூடி மூடப்பட்டபின் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத வேலைக்குப் பேரம் பேசுவது எளிது. தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே முதல் நாளில் 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் விடுத்து, வேலையின் மதிப்பு அதைச் செய்பவன் மனிதன் என்பதில் அடங்கியுள்ளது என்று விளக்கினார். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகளுக்கு உரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பதும் அம்மதிப்பை ஏற்றுக்கொள்வதன் ஒரு வழியே.

இச்செய்தி இல்லத்துக்கும் பொருந்தும் என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் ஒரே காலக்கணக்கில் இயங்க வேண்டிய குடும்பத்தில், ஒருநாள் ஓசை எழுகிறது. யார் குற்றம் என்று உடனே தேடுகிறோம். பெரும்பாலும் குற்றம் ஒரு கணுவில் இருப்பதில்லை. சொல்லாமல் விட்ட ஒரு நன்றி, பாதியில் நிறுத்திய ஒரு பேச்சு, தள்ளிப்போட்ட ஒரு கடன் எனச் சிறிது சிறிதாக எல்லாரிடமும் சேர்ந்த தேய்வே அது. அப்போது வெளியே தெரியும் ஒன்றைத் திருப்பி வைத்து ஓசையை அடக்கிவிட முயல்வோர் பலர். மூடியைத் திறந்து, ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்கும்படி நிறுத்தி, மீண்டும் தொடங்கத் துணிவோர் சிலரே.

அத்துணிவை நமக்கும் நம் இல்லங்களுக்கும் ஆண்டவர் அருள்வாராக. வண்டி வைத்திருப்போரோ, நாளைக் காலை எஞ்சினைக் கிளப்பும்போது, அருகே நின்று ஒரு நிமிடம் செவி கொடுத்துக் கேளுங்கள்.