யார் வீட்டுக்குள் யார் வந்தது?

மழை வலுத்துவிட்டால் தியாகராய நகரில் ஒரே புலம்பல்: "வீட்டுக்குள்ளே தண்ணீர் வந்துவிட்டது, ஸார்!" நானும் இந்தப் பேட்டைவாசிதான். 2021 நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நானும் அப்படித்தான் புலம்பினேன். இப்போது சொல்கிறேன்: அது பொய்ப் புகார். தண்ணீர் நம் வீட்டுக்குள் வரவில்லை. நாம்தான் அதன் வீட்டில் குடியேறினோம்.

வெள்ளைக்காரர்கள் 'லாங் டாங்க்' என்று அழைத்த நீண்ட ஏரி இங்கே கிடந்தது. 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், அதை வற்றவைத்து மனை போட்டார்கள். ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பிட்டி தியாகராய செட்டியார் பெயரை நகருக்கு வைத்தோம். பனகல் ராஜா பெயரைப் பூங்காவுக்கு வைத்தோம். இடம் கொடுத்த ஏரிக்கு? மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு பலகை! எட்டிப் பார்த்தால் ஏரியைக் காணோம்.

"அது பழங்கதை" என்பீர்கள். மாம்பலம் கால்வாய் பழங்கதையா? மழைத்தண்ணீர் அடையாற்றுக்குப் போக அதுதானே வழி? 2019இல் பாண்டி பஜாரில் நாம் உலாவ அகலமான நடைபாதை போட்டாயிற்று. தண்ணீர் நடக்கிற பாதையிலோ குப்பை! பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறோமே, அந்த இடிபாடு எங்கே போயிற்று என்று நம்மில் ஒருவராவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

ஏரியைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. வழியையாவது விடுவோம். ஒரு நூற்றாண்டாகப் பாக்கி வைத்திருக்கும் குடக்கூலி அது.