ரெட்டை மாட்டு வண்டி

போன சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்கா போன் செய்தாள். அந்த நேரத்தில் வரும் போன்களில் இரண்டே ரகம்தான். ஒன்று, யாரோ போய்விட்டார்கள். இரண்டு, யாருடைய பணமோ போகப் போகிறது. இது இரண்டாவது.

"டேய், இவன் ஏதோ கம்ப்யூட்டர் வாங்கணுங்கறான். ஒரு லட்சத்து அறுபதாயிரமாம்! உள்ள ஏதோ கார்டாம், அது ரெண்டு வேணுமாம். ரேஷன் கார்டே நமக்கு ஒண்ணுதானேடா? நீ பத்திரிகையிலெல்லாம் எழுதறியே, கூடப் போய்ப் பாரேன். அவங்கப்பா இருந்திருந்தா உன்னை ஏன் கேக்கப் போறேன்?"

கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அக்காவின் கட்சி. நான் படித்தது பி.காம். ஆனால் இந்த கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்றும் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை (அக்கா பையனை அப்படித்தான் கூப்பிடுவேன்) சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறான். வயது 23. பதினான்கு மாதச் சேமிப்பு அந்த 1,60,000. காலையில் ஆபீஸ் பஸ், மதியம் டிபன் பாக்ஸ், ராத்திரி வீட்டுச் சாப்பாடு என்று வாழ்ந்து சேர்த்த பணம். அவன் சம்பளத்தில் அவன் விளையாடக் கூடாதா? தாராளமாக விளையாடலாம். பணத்தோடு விளையாடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ரிச்சி தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் மவுண்ட் ரோடில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். பட்டியலை நீட்டினான். பிராசஸர், ரைசன் 7 7700. போர்டு, பி650. ராம், டி.டி.ஆர்.4, ஆபீஸ் நண்பன் சல்லிசாகத் தருகிறான். கிராபிக்ஸ் கார்டு, ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ., செகண்ட் ஹாண்ட், இரண்டு. எஸ்.எம்.பி.எஸ்., 650 வாட். கேபினெட், கண்ணாடி வைத்தது, உள்ளே கலர் கலராக லைட் எரிவது.

"மாமா, ஒரு கார்டுல 11 ஜி.பி. மெமரி. ரெண்டு போட்டா 22 ஜி.பி. புதுசா அவ்வளவு மெமரியோட வாங்கணும்னா வீட்டை விக்கணும்."

"வாடகை வீடுடா அது."

"அதான் மாமா சொல்றேன். விக்கறவர் சாயந்திரத்துக்குள்ள பத்தாயிரம் அட்வான்ஸ் கேக்கறார். இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்காம்."

எனக்குத் தெரிந்து முப்பது வருஷமாக அந்த இன்னொரு பார்ட்டி எல்லா ஊரிலும் வெயிட்டிங்கில்தான் இருக்கிறார். பாவம், அவருக்கு இன்னும் ஒன்றும் கிடைத்தபாடில்லை.

"மாப்ளே, கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கறோம். இதுக்கு அஞ்சு போதும். ஆனா அங்கே பொருத்தம் இல்லேன்னா பரிகாரம் சொல்வாங்க. இங்கே பரிகாரமே கிடையாது" என்று ஆரம்பித்தேன்.

முதல் பொருத்தம், பிராசஸருக்கும் போர்டுக்கும். இதுதான் ரஜ்ஜு. சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். ரைசன் 7000 வரிசை 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட். பி650 போர்டும் அதே. பாஸ். (இன்டெல்காரர்களுக்கு 12, 13, 14-ம் தலைமுறைக்கு எல்.ஜி.ஏ.1700, 2024-ல் வந்த புது அல்ட்ராவுக்கு எல்.ஜி.ஏ.1851. ஒன்றை மற்றொன்றில் உட்கார வைக்க முடியாது.)

இரண்டாவது, போர்டுக்கும் ராமுக்கும். ஏ.எம்.5 போர்டு டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். டி.டி.ஆர்.4-ல் அந்த வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அமுக்கினால் ராம் உட்காராது, உடையும். நண்பன் சல்லிசாகத் தருவதன் ரகசியம் இதுதான். அவனுக்கும் அது ஆகவில்லை.

மூன்றாவது, ஸ்லாட். இதில்தான் பெரிய ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். போர்டில் நீளமாக இரண்டு ஸ்லாட் இருக்கும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் இந்த விலைப் போர்டுகளில் பிராசஸர் கிராபிக்ஸுக்கென்று தரும் 16 லேனும் பெரும்பாலும் முதல் ஸ்லாட்டுக்கே போய்விடும். இரண்டாவதில் நாலு லேன் இருந்தால் அதிகம், மற்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக். என்விடியாவின் எஸ்.எல்.ஐ. முறையில் இரண்டு கார்டு ஓட வேண்டுமானால் இரண்டிலும் குறைந்தது எட்டு லேன் வேண்டும். போதாததற்கு, போர்டு தயாரித்தவர் அதற்கு லைசென்ஸ் வேறு வாங்கியிருக்க வேண்டும். இவன் போர்டின் விவரக் குறிப்பை போனில் தேடிப் படித்தோம். அந்த மூன்றெழுத்து எங்கேயும் இல்லை.

நாலாவது, மின்சாரம். 1080 டி.ஐ. ஒன்று 250 வாட். இரண்டு 500. பிராசஸர் 90. ஃபேன், டிஸ்க், போர்டு, கலர் லைட் எல்லாம் சேர்த்து 60. கூட்டினால் 650. பையன் எழுதியிருந்ததும் 650. "கரெக்டா டேலி ஆகுது மாமா!" என்றான். பாலன்ஸ் ஷீட்டில் டேலி ஆனால் சந்தோஷம். எஸ்.எம்.பி.எஸ்-ல் டேலி ஆனால் ஆபத்து. கார்டு சில நொடித் துளிகளுக்குத் தன் கணக்கைத் தாண்டி இழுக்கும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். வீட்டில் இருக்கிற 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவதோ சுமார் 360 வாட். கரண்ட் போனால் அது 'கீ' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விடைபெறும்.

ஐந்தாவது, உடம்பு. கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் கேபினெட்டின் உள்ளளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டு கார்டு ஒட்டினாற்போல் நின்றால் கீழே இருப்பது விடுகிற சூட்டைத்தான் மேலே இருப்பது சுவாசிக்கும். நம் ஊர் மே மாதத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

பையன் முகம் சுண்டிப்போனது. "இதையெல்லாம் சரி பண்ணிட்டா? வேற போர்டு, பெரிய எஸ்.எம்.பி.எஸ். போட்டா? 22 ஜி.பி. வருமில்ல?"

வராது. அதற்குள் ரவா தோசை வந்துவிட்டதால் அதை வைத்தே சொன்னேன்.

இரண்டு கார்டு போட்டால் வேலையைப் பிரிப்பது எப்படி? முதல் படத்தை ஒரு கார்டு வரையும், இரண்டாவது படத்தை மற்றது, மூன்றாவது மறுபடி முதல் கார்டு. இரண்டு தோசை மாஸ்டர் மாற்றி மாற்றி ஊற்றுகிற மாதிரி. ஆனால் இரண்டு பேருமே அதே தோசையைத்தான் ஊற்ற வேண்டும். ஆகவே இரண்டு பேர் பக்கத்திலும் முழு மாவு, முழு வெங்காயம், முழு மிளகு இருக்க வேண்டும். ஒருவர் மேடையிலிருந்து மற்றவர் எட்டி எடுக்க முடியாது. அதே சாமான் இரண்டு இடத்தில். அதனால் 11-ம் 11-ம் சேர்ந்து 11 தான். பி.காமில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கிராபிக்ஸில் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அதோடு முடியவில்லை. இரண்டு தோசை சேர்ந்தாற்போல் இலையில் விழும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. மறுபடி இரண்டு. நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணினால் கணக்கு ஜோராக இருக்கும். சாப்பிடுகிறவனுக்கு மட்டும் விக்கும். இதற்கு மைக்ரோ ஸ்டட்டர் என்று பெயர். எண்ணிக்கை 90 காட்டும், கண்ணுக்கு 50 மாதிரி தெரியும்.

"அப்ப இதை ஏன் மாமா கண்டுபிடிச்சாங்க?"

கண்டுபிடித்த காலத்தில் பிரமாதமான விஷயம்தான். 1998-ல் த்ரீ டி.எஃப்.எக்ஸ். என்ற கம்பெனியின் வூடூ 2 கார்டு. ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டு வரையும், இரட்டைப்படையை மற்றது. 2000 கடைசியில் அந்தக் கம்பெனியின் சொத்துகளை வாங்க என்விடியா ஒப்பந்தம் போட்டது. 2004-ல் அதே எஸ்.எல்.ஐ. என்ற மூன்றெழுத்தைத் தூசி தட்டி, விரிவாக்கத்தை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தது. 2005-ல் ஏ.டி.ஐ. தன் பங்குக்குக் கிராஸ்ஃபயர் என்று இறங்கியது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இரண்டு கார்டையும் இழுத்துப் பிடித்து ஓட்ட டிரைவர் மென்பொருளில் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் அப்படிப் புது ஏற்பாடு எதுவும் செய்ய மாட்டோம் என்று என்விடியா சொல்லிவிட்டது. 2022-ல் வந்த 40 வரிசைக் கார்டுகளில் இரண்டை இணைக்கும் கொக்கியே கிடையாது.

ரெட்டை மாட்டு வண்டியில் மாடுகள் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. டிரைவர்தான் இறங்கிப் போய்விட்டார்.

1080 டி.ஐ. 2017-ல் ராஜா. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு சரி. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, 2025-ல் வந்த டூம், இரண்டும் ரே டிரேஸிங் வசதி இல்லாத கார்டை வாசலிலேயே நிறுத்திவிடும். ஒன்று போட்டாலும் அதே கதி, இரண்டு போட்டாலும் அதே கதி.

இன்றும் இரண்டு கார்டு போடுகிறவர்கள் உண்டு. வீட்டிலேயே ஏ.ஐ. மாடல் ஓட்டுகிறவர்கள், பிளெண்டரில் அனிமேஷன் செய்கிறவர்கள். அவர்கள் நடத்துவது கல்யாணப் பந்தி. எந்தத் தோசை முன்னால் வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. விளையாடுகிறவன் தனியாக இலை முன் உட்கார்ந்திருக்கிறவன்.

பையன் கொஞ்ச நேரம் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து, "சார், இன்னொரு பார்ட்டிக்கே கொடுத்துடுங்க" என்றான். அந்தப் பக்கம் வெகுநேரம் மௌனம்.

* * *

கடைக்குப் போய்ப் புதுப் பட்டியல் போட்டோம். அதே பிராசஸர், அதே போர்டு, டி.டி.ஆர்.5 ராம், 16 ஜி.பி. மெமரியோடு 180 வாட்டில் அடங்குகிற ஒரே ஒரு 50 வரிசைக் கார்டு. 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். இப்போது தாராளம். எல்லாம் கூட்டிப் பார்த்ததில் பன்னிரண்டாயிரம் துண்டு விழுந்தது. மானிட்டரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நான் பர்ஸை எடுத்தேன்.

"வேண்டாம் மாமா!"

"இது உங்கப்பா பணம்டா" என்றேன்.

தப்பிக்க முடியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

2014. நான் பி.காம். முடித்து சி.ஏ. படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். அத்தான் கூட்டுறவு வங்கியில் கேஷியர். கோச்சிங் பீஸ் என்று சொல்லி அவரிடம் பன்னிரண்டாயிரம் வாங்கினேன். நோட்டை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். அதில் ஒரு ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே அதே கார்டு ஒன்று இருந்தது. இரண்டையும் சேர்த்தால் உலகத்தையே ஆளலாம் என்று வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, இணைக்கும் கொக்கியைத் தேடினேன். அந்தக் கார்டுக்கு எஸ்.எல்.ஐ. கிடையவே கிடையாது. கம்பெனி ஒளிக்கவில்லை. நான்தான் படிக்கவில்லை. பீஸ் கட்டவில்லை, சி.ஏ.வும் ஆகவில்லை. அத்தான் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்த வருஷம் அவர் இல்லை.

சாயங்காலம் பெட்டிகளோடு வீட்டுக்குப் போய், அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே, "அவருக்குத் தெரியும்டா" என்றாள்.

"எப்படி?"

"அம்மா வீட்டுப் பரண்ல ஒட்டடை அடிக்கறப்போ பெட்டியைப் பார்த்தாராம். மேலே வாங்கின தேதி எழுதின பில்லு. 'பையன் பொய் சொன்னது பரவாயில்லை, ஒரே சாமானை ரெண்டு தடவை வாங்கியிருக்கானே, இவன் எப்படி ஆடிட்டர் ஆவான்?'னு விழுந்து விழுந்து சிரிச்சார். அன்னிலேருந்து உனக்கு வீட்டுல ரெண்டு கார்டுன்னுதான் பேரு."

மாப்பிள்ளை உள்ளே கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். போர்டில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, மானிட்டர் வாங்கறப்போ ரெண்டா வாங்கினா என்ன?"

காபி டம்ளரை வைத்துவிட்டு, செருப்பைத் தேடினேன்.