காத்திருப்பதைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கட்டும்

2008-ஆம் ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வெளிவரவிருந்த சமயத்தில், லினக்ஸ் கணினிகளில் அதைச் சோதித்தவர்கள் ஒரு விசித்திரமான உபத்திரவத்தைக் கண்டார்கள். வட்டில் வேறு பெரிய கோப்பு எழுதப்படும்போதெல்லாம் பிரவுசர் விறைத்து நின்றது. பார்த்த பக்கங்களைக் குறித்துவைக்கும் தரவுத்தளம், தன் சிறு பதிவு வட்டில் பத்திரமாக இறங்கியதா என்று கேட்டு நிற்க, அக்காலத்தில் வழக்கிலிருந்த எக்ஸ்ட்3 கோப்பு முறைமையோ நிலுவையிலிருந்த மற்றவற்றையும் சேர்த்து இறக்கிய பிறகே விடை தந்தது.

இப்படி வழிமறித்து நிற்கும் அழைப்புகளைப் பின்னணித் திரெடுக்கு, அதாவது நிரலுக்குள் தனியே ஓடும் இன்னொரு வேலை இழைக்கு, தள்ளிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது பொதுவான அபிப்பிராயம். வினாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்க வேண்டிய முதன்மைத் திரெடுக்கு ஒவ்வொரு தடவையும் சுமார் 16 மில்லி வினாடியே அவகாசம் என்பதால், அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் காத்திருப்பு இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. திரெடுகளுக்கு நினைவகம் செலவாவதால், பிரவுசர் யந்திரம் அளவான ஒரு கூட்டத்தையே வைத்துக்கொள்கிறது. பந்தி பரிமாற வந்த நால்வரும் சாம்பாருக்காக அடுக்களை வாசலில் நின்றுவிட்டால் இலைமுன் அமர்ந்தவர் கதி என்னவோ, அதுவே அந்தக் கூட்டம் முழுவதும் வட்டின் விடைக்காக நிற்கும்போது வரிசையிலுள்ள வேலைகளின் கதி. கணினியின் மையச் செயலியோ சும்மா இருக்கும்!

குரோமியம் என்ற பிரவுசர் திட்டம் இதற்குக் கண்ட பரிகாரம் எனக்கு உவப்பானது. வட்டைத் தொடும் வேலை, தான் நிற்கக்கூடும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நிற்கும் இடத்திலும் நிச்சயம் நிற்பேன், ஒருவேளை நிற்பேன் என்ற இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிச்சயமென்றால் கூட்டத்தில் உடனே இன்னொரு திரெடுக்கு இடம் திறக்கிறது. ஒருவேளையென்றால் சற்றுப் பொறுத்துப் பார்த்துத் திறக்கிறது. அறிவிக்காமல் நின்றால் சோதனைப் பதிப்பு அங்கேயே விழுந்துவிடும். நிரல் எழுதுவோர் இதைக் கெடுபிடி என்று முணுமுணுக்கலாம். பிழை பயனரிடம் போய்ச் சேர்வதைவிட அவர்கள் மேஜையில் விழுவதே மேல்.

இத்தனை கண்டிப்பு உள்ளே இருக்க, தரவு சேமிக்க வலைப்பக்கங்களுக்குக் கொடுத்த லோக்கல் ஸ்டோரேஜ் என்ற வசதி மட்டும் இன்றும் முதன்மைத் திரெடை நிறுத்திவைத்தே விடை சொல்கிறது. அன்று சௌகரியத்துக்காகச் செய்த அந்த ஏற்பாட்டை, எண்ணற்ற தளங்கள் நம்பியிருப்பதால், இனி அகற்ற இயலாது. புதிதாகத் தளம் அமைப்போராவது பெரிய தரவுகளை அதில் திணிக்காமல், காத்திருக்க வைக்காத இண்டெக்ஸ்டு டிபியை நாடுவார்களாக.